கிழக்குப் பள்ளி, மேற்குப் பள்ளி, கொரீன்

ஜனவரி 14
கொட்டும் பனி. நான் ஓட்டுகிற பள்ளி பஸ் முனகிக்கொண்டுதான் கிளம்பியது, என்னைப் போலவே. கிழக்குப் பள்ளிப் பிள்ளைகளை இறக்கிவிட்டு வீடு திரும்பினால், என் சமையலறையில் கொரீன் காபியோடு உட்கார்ந்திருக்கிறாள். பதினோரு வருஷமாக எதிர்வீட்டுக்காரி. கதவைத் தட்டும் பழக்கமெல்லாம் எங்களுக்குள் கிடையாது.

"டார்லா, மார்னிக்கு எந்தப் பள்ளின்னு முடிவு பண்ணிட்டியா?"

"ரெண்டுலயும் நீச்சல் குளம் இருக்கு. ரெண்டுலயும் என் சம்பளத்துக்கு எட்டாத கார்லதான் பிள்ளைங்க வந்து இறங்குதுங்க. பூவா தலையா போட்டா போச்சு."

அவள் சிரிக்கவில்லை.

ஊரில் மற்றவர்களுக்கு இந்தத் தலைவலி இல்லை. வீடு எந்தப் பக்கமோ அந்தப் பக்கத்துப் பள்ளி. எங்கள் மூன்று தெரு மட்டும் எல்லைக்கோட்டின் மேலேயே உட்கார்ந்திருப்பதால், எட்டாம் வகுப்பு முடிக்கிற பிள்ளைகள் எதை வேண்டுமானாலும் கேட்கலாம். ஆனால் பஸ் கிழக்குக்கு மட்டும்தான். மேற்குக்குப் போகிறவர்கள் தங்கள் பாட்டைத் தாங்களே பார்த்துக்கொள்ள வேண்டும்.

என் மகள் மார்னிக்குக் கிழக்குதான் ஆசை. கால்பந்தில் கோல்கீப்பர் அவள். கோடைப் பயிற்சியில் அவளைப் பார்த்துவிட்டு, கிழக்குப் பள்ளி கோச் "இவளை என்கிட்ட அனுப்புங்க" என்றாராம். கொரீன் மகள் ஸ்லோனும் கோல்கீப்பர்தான். தங்கமான பிள்ளை. பந்து வரும்போது கண்ணை மூடிக்கொள்வாள், அது ஒன்றுதான் குறை.

ஜனவரி 20
கொரீன் இன்று விஷயத்துக்கு வந்தாள்.

"மார்னி வாசிக்கிறதுல மெதுவா இருக்கா. கிழக்கு பெரிய பள்ளி, கூட்டத்துல காணாம போயிடுவா. மேற்குல அதுக்குன்னு தனி டீச்சர் வெச்சு சொல்லித் தர்றாங்க. கிழக்குல அதெல்லாம் இல்ல." அப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ பட்டதை அவளும் படணுமாடி?"

பதினாறு வயதில் பள்ளிக்கு முழுக்குப் போட்டவள் நான். எழுத்தெல்லாம் கண் முன்னால் கலைந்து போகும். கடைசி பெஞ்சில் உட்கார வைத்தார்கள், அப்படியே மறந்தும் போனார்கள். கேட்கிறவர்களிடமெல்லாம், "நான் இருந்தா வாத்தியாருங்களுக்குப் பொறாமை" என்று அளந்துவிடுவேன். மார்னியிடமும் அதே கதைதான். நிஜம் தெரிந்தவள் கொரீன் ஒருத்தி.

எழுந்துபோய் காபி டம்ளரைக் கழுவ ஆரம்பித்தேன்.

ஜனவரி 21
"மேற்குக்கு யாரு கொண்டு விடறது? அந்த நேரத்துக்கு நான் பஸ்ல இருப்பேன்" என்றேன்.

"நான் எதுக்கு இருக்கேன்? ஸ்லோனையும் அங்கதான் சேர்க்கறேன். ரெண்டும் ஒண்ணா என் கார்ல போகட்டும்."

கட்டிக்கொண்டேன். வீட்டில் நானும் மார்னியும் மட்டும்தான் என்று அலுத்துக்கொள்வேன். கொரீன் இருக்கும்போது என்ன குறை?

ஜனவரி 30
மேற்கு என்று சொன்னதிலிருந்து, இரண்டு நாளாக மார்னி முகம் கொடுத்துப் பேசவில்லை. இன்று சாப்பிடும்போது, "ஸ்லோனும் வர்றாளா?"

"வர்றா."

"சரி."

ஃபோனில் சேர்க்கைப் படிவத்தைத் திறந்து 'மேற்கு' என்பதை அழுத்தினேன். நாளையோடு கெடு முடிகிறது.

மே 18
கொரீன் இப்போதெல்லாம் காபிக்கு வருவதில்லை. வேலை அதிகமாம். எனக்கு மிச்சம் ஒரு டம்ளர் பால்.

ஆகஸ்ட் 12
பெற்றோர் சங்கத்துக்காரர்கள் வந்துபோனார்கள். ஒன்பதாம் வகுப்பு சேரும் பிள்ளை உள்ள வீட்டுப் புல்தரையில் பள்ளியின் நிறத்தில் ஒரு பலகை நடுவார்கள். மேற்குக்குப் பச்சை. கிழக்குக்கு மெரூன். என் வீட்டு வாசலில் பச்சை. எதிர்வீட்டில் மெரூன்.

எனக்கு ஒரே சிரிப்பு. சங்கத்துக்காரர்களுக்குக் கண் தெரியவில்லை என்று அந்தப் பலகையைப் பிடுங்கிக்கொண்டு கொரீனிடம் போனேன்.

"யாரோ தப்பா நட்டுட்டாங்கடி. பேசாம இதைத் தட்டா வெச்சு பீட்சா வெட்டலாம்."

அவள் பலகையைப் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை.

"தப்பா நடல, டார்லா."

"எப்ப மாத்தினே?"

"மாத்தல. மொதல்லயே கிழக்குதான் போட்டேன். எந்த அம்மாவா இருந்தாலும் செய்வா."

நானும் அம்மாதானே? பலகையை அவள் புல்தரையில், எடுத்த இடத்திலேயே, நானே நட்டுவிட்டு வந்தேன்.

ஆகஸ்ட் 13
மார்னி தட்டுத் துலக்கிக்கொண்டே சொன்னாள்: "ஒரு டீமுக்கு ஒரு கோல்கீப்பர்தான்மா."

ஆக, என் பிள்ளை அங்கே இருந்தால் அவள் பிள்ளைக்கு ஆட்டம் இல்லை, ஓரத்துப் பெஞ்சுதான். அவ்வளவுதான் விஷயம்.

பள்ளி அலுவலகத்துக்கு ஃபோன் செய்தேன். வாசிப்புக்குத் தனி டீச்சர் இரண்டு பள்ளியிலும் உண்டாம். கிழக்கில் ஒருவர் கூடுதலாம். இப்போது மாற்ற முடியாதாம். டிசம்பரில் ஒரு தடவை மாற்றிக்கொள்ளலாமாம்.

கோல்கீப்பர் இடத்துக்கு ஆசைப்பட்டாள், சரி, தாய் மனசு, விடு. ஆனால் அந்தக் கடைசி பெஞ்ச் கதையை அவளிடம் மட்டும்தானே சொன்னேன்? அன்றைக்கு என்கூடச் சேர்ந்து அழுதவள்தானே? அதையே எடுத்துவந்து என்னை மிரட்டியிருக்கிறாள். கையை வேறு பிடித்துக்கொண்டாளே — படுபாவி.

ஆகஸ்ட் 20
முதல் நாள். மார்னி தனியாக சைக்கிளில் போனாள். நான் மெரூன் சட்டைகளை ஏற்றிக்கொண்டு கிழக்குக்குப் போனேன்.

எங்கள் தெருமுனையில் ஸ்லோன் நின்றாள். ஏறுகிற ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கிண்டல் வைத்திருப்பேன். அவள் தலை நிமிரவே இல்லை. "குட் மார்னிங்" என்றேன். வேறு என்ன சொல்ல? அந்தக் குழந்தையிடம் எனக்கென்ன கோபம்?

செப்டம்பர் 9
மேற்கு டீமில் கோல்கீப்பர் ஏற்கெனவே இருக்கிறாளாம். மார்னி பெஞ்சில். மதியச் சாப்பாடும் தனியாகத்தான் என்று நினைக்கிறேன். நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

அக்டோபர் 16
மார்னியை முன்வரிசையில் ஓடவிட்டுப் பார்த்திருக்கிறார் கோச். கோல் போட்டுவிட்டாள். நான் அப்போது பஸ்ஸில். பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. "நின்னு நின்னு அலுத்துப்போச்சும்மா, ஓடறதுதான் நல்லா இருக்கு" என்றாள். டீமில் இருக்கிற ஒரு பெண் தன் அப்பா காரில் அவளை வீட்டில் கொண்டுவந்து விட்டாள்.

டிசம்பர் 8
மாலையில் கதவு தட்டுகிற சத்தம். திறந்தால் கொரீன். அவள் தட்டிய சத்தத்தை இன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்கிறேன்.

"ஸ்லோன் டீமை விட்டுட்டா, டார்லா. நிறைய கோல் விட்டுட்டான்னு பிள்ளைங்க ஒரு மாதிரி பேசுதுங்க. அவளுக்கு யாருமே இல்ல. டிசம்பர்ல மாத்தலாமாமே, மார்னி கிழக்குக்கு வந்துட்டான்னா... இப்ப அந்த இடம்கூட காலியாத்தான் இருக்கு."

நாக்கு நுனியில் ஐந்தாறு பதில் வந்து நின்றது. ஒவ்வொன்றும் முத்து. அதற்குள் மார்னி பயிற்சிக்குக் கிளம்பி மாடியிலிருந்து இறங்கினாள்.

"படிக்கப் போறவ அவ. அவகிட்டயே கேளு" என்றேன்.

கொரீன் எல்லாவற்றையும் திரும்பச் சொன்னாள். மார்னி ஷூவைக் கட்டிக்கொண்டே கேட்டாள்.

"ஸ்லோன் கேட்டாளா ஆன்ட்டி, இல்ல நீங்களா வந்தீங்களா?"

கொரீன் கோட்டுப் பொத்தானைத் திருகினாள்.

"சனிக்கிழமை அவளை இங்க வரச் சொல்லுங்க. நான் மேற்குலதான் இருப்பேன்."

வெளியே அந்த அப்பாவின் கார் ஹாரன். ஓடிவிட்டாள்.

கொரீன் என்னைப் பார்த்தாள். "டார்லா..."

"குளிர் உள்ள வருது" என்றேன்.

டிசம்பர் 13
ஸ்லோன் வந்தாள். மாடியில் இரண்டும் எதற்கோ விழுந்து விழுந்து சிரித்தன.

எதிர்வீட்டு ஜன்னலில் கொரீன் நின்றிருந்தாள். அவள் கையசைக்கவில்லை. நானும்தான். திரையை இழுத்துவிட்டு மூன்று தட்டு எடுத்து வைத்தேன்.