வெள்ளைப் பூ யாருக்கு வந்தது

முருகன் துணை

பண்டமாரான், கிள்ளான்
14.9.1986, ஞாயிறு

அன்புள்ள அத்தான் அவர்களுக்கு,

சீதாலெட்சுமி வணங்கி எழுதுவது. தங்கள் கப்பல் போகும் கடலில் காற்று அடங்கி, உடம்பு சௌகரியமாக இருக்க வேண்டும் என்று விளக்கேற்றும்போதெல்லாம் வேண்டிக்கொள்கிறேன். இங்கே மாமா நலம். நான் நலம். நம் திலகா நலம் என்று எழுதலாமா, கூடாதா என்று தெரியாமல்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் நல்ல செய்தியைச் சொல்லிவிடுகிறேன். இடுப்பு எலும்பிலிருந்து எடுத்த சோதனையின் முடிவு புதன்கிழமை வந்தது. டாக்டர் இராசேஸ்வரி, யாழ்ப்பாணத்து அம்மா என்று முன்பு எழுதியிருந்தேனே, அவரே எங்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து, "ரத்தத்திலயும் எலும்புக்குள்ளயும் இப்ப கெட்ட அணு ஒண்டும் தெரியேல்லை" என்றார். நான் இருந்த இடத்திலேயே கைகூப்பிவிட்டேன். மாமா துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

அதே வாயால் அந்த அம்மா, வருகிற செவ்வாய்க்கிழமை அடுத்த கட்டம் தொடங்க வேண்டும் என்றார். மறுபடியும் முதுகுத்தண்டில் ஊசி. பிறகு வீட்டில் மாத்திரை, இரண்டு வருஷத்துக்கு மேல். எனக்கு ஒன்றும் புரியவில்லை. மாமா கேட்டேவிட்டார், "நோய் இல்லேன்னு நீங்கதானே சொன்னீங்க டாக்டர்? இல்லாத நோய்க்கு எதுக்கு மருந்து?" என்று. அவர் கோபப்படவில்லை. "இல்லை எண்டு நான் சொல்லேல்லை ஐயா, தெரியேல்லை எண்டுதான் சொன்னனான். இப்ப விட்டால் திரும்பி வரும். வந்தால் பிறகு அடக்கிறது கஷ்டம்" என்றார்.

பஸ்ஸில் வரும்போது நான் மாமாவிடம், நம் வீட்டுப் பின்னால் இருக்கும் லாலான் புல்லைப் போலத்தானே இதுவும், வெட்டினால் தரை சுத்தமாகத் தெரிகிறது, அடியில் வேர் இருக்கிறதே என்று சொல்லிப் பார்த்தேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டே, "புல்லு அழாது சீதா" என்றார்.

பிள்ளையைப் பற்றிக் கேட்பீர்கள். முகம் மருந்தினால் உருண்டையாகிவிட்டது. விடிவதற்குள் எழுந்து ரொட்டி சானாய் வேண்டும் என்கிறாள். கடைச் சாப்பாடு கூடாதென்று நானே மாவு பிசைந்து போடுகிறேன். "இது சப்பாத்திம்மா, என்னை ஏமாத்தாத" என்கிறாள். தலையில் ஒரு முடி இல்லை. பக்கத்து வீட்டு இராஜம்மா அக்காவின் பையன்கள் மொட்டை என்று மலாயில் கூப்பிட்டிருக்கிறார்கள். இவள் வாசலில் நின்று, "போத்தாக்னு கூப்பிட்டா நான் திரும்ப மாட்டேன்லா, மிஸ் திலகவதின்னு கூப்பிடு" என்று சொல்லிவிட்டு வந்தாள். இப்படிப் பேசுகிற பிள்ளைக்கு உள்ளே ஒன்று ஒளிந்திருக்கிறது என்றால் எப்படி நம்புவது? நம்பாமல் எப்படி இருப்பது?

கேட்கிறவர்கள் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். காப்பார் ஊரில் ஒரு பையன் மருந்தை நிறுத்திவிட்டு இப்போது பந்து விளையாடுகிறானாம், இராஜம்மா அக்காதான் சொன்னார். அவனுக்கு என்ன நோய் என்று கேட்டேன். "அதெல்லாம் எனக்குத் தெரியாது, ஆனா பெரிய நோய்தான்" என்றார். வீட்டுச் செலவுக் கணக்கில் ஒரு காசு உதைத்தாலும் கண்டுபிடித்துவிடுவேன் என்று கேலி செய்வீர்கள். இதில் எதை எதோடு கூட்டுவது என்றே எனக்குத் தெரியவில்லை, அத்தான்.

மாமா அம்மனிடம் பூப் போட்டுக் கேட்போம் என்றார். எனக்கும் அது பாரம் இறங்கினாற்போல் இருந்தது. பிள்ளையைக் கூட்டத்துக்குள் கொண்டுபோகக் கூடாதென்பதால், நேற்று உச்சிவேளைக்குச் சற்று முன், கோயிலில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து, கன்னையா அண்ணன் டாக்சியில் போனோம். பூசாரி வெள்ளைப் பூ ஒன்றையும் சிவப்புப் பூ ஒன்றையும் தனித்தனியாக வாழையிலையில் மடித்து அம்மன் காலடியில் வைத்துத் தீபம் காட்டினார். வெள்ளை வந்தால் சரி, சிவப்பு வந்தால் வேண்டாம். கேட்பதை வாய்விட்டுச் சொல்லக் கூடாது என்பது உங்களுக்கும் தெரியும். மாமா கண்ணை மூடிக்கொண்டு நின்றார். நானும் நின்றேன். திலகா ஒரு பொட்டலத்தை எடுத்து, "உள்ள மிட்டாயா?" என்று கேட்டுக்கொண்டே பூசாரியிடம் கொடுத்தாள். வெள்ளைப் பூ.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. மாமாவும் சிரித்த முகமாக விழுந்து கும்பிட்டார். டாக்சியில் ஏறியதும், "அம்மா உத்தரவு கொடுத்துட்டா கன்னையா. இனிமே ஊசி கிடையாது" என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "மாமா, நீங்க என்னன்னு கேட்டீங்க?" என்றேன். "மருந்தை நிறுத்திடலாமான்னு கேட்டேன்" என்றார். நான் கேட்டது, தொடர்ந்து கொடுக்கலாமா என்று.

அதை அப்படியே சொல்லியும்விட்டேன். கன்னையா அண்ணன்தான் மெல்ல, "அப்ப அம்மா ரெண்டு பேருக்குமே சரின்னுட்டாங்க. எங்கம்மாவுக்கும் பொண்டாட்டிக்கும் நடுவுல நானும் அப்படித்தான்" என்றார். திலகா மட்டும் சிரித்தாள். மாமா, "கேக்கிறது வீட்டுப் பெரியவங்க. நீ ஏன் நடுவுல கேட்ட?" என்றார். நான் கேட்க வேண்டும் என்று நினைத்துக் கேட்கவில்லை. சந்நிதியில் கைகூப்பினால் தானாக வருகிறது. ஒரே காரியத்துக்கு இரண்டாம் தடவை பூப் போடவும் கூடாது.

வீட்டுக்கு வந்து அவரும் சாப்பிடவில்லை, நானும் சாப்பிடவில்லை. பெரியவர் கேட்டதைத்தான் அம்மன் காதில் வாங்கியிருப்பாள் என்று ஒரு நேரம் தோன்றுகிறது. பெற்றவள் கேட்டதை விட்டுவிடுவாளா என்று மறு நேரம். மாமா கேட்டபடி நிறுத்தி, நோய் திரும்பி வந்தால் யாரைக் கேட்பேன்? அம்மன் வாக்கை மீறி ஊசி போட்டு ஏதாவது ஆனால் அப்போது யாரைக் கேட்பேன்? டாக்டர் அம்மாவிடம் போய் இப்படிப் பூ வந்தது என்று சொல்லவும் கூச்சமாக இருக்கிறது.

இன்று காலை மாமாவுக்குக் காப்பி கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கி வைத்துவிட்டு, என்னைப் பார்க்காமலே பேசினார். முதல் ஊசியன்று நான் மயங்கி விழுந்ததிலிருந்து நர்ஸ் மிஸி என்னை வெளியே உட்காரச் சொல்லிவிடுவார். மாமாதான் உள்ளே போவார். அங்கே என்ன நடக்கும் என்று அவர் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. "நீ வெளியில இருந்து சத்தத்தைக் கேட்ட. நான் அவ காலை அமுக்கிப் பிடிச்சிருந்தேன். 'விட்டுடு தாத்தா, நான் இனிமே நல்ல பிள்ளையா இருக்கேன்'னு சொல்றா சீதா. எந்தப் பூ வந்தாலும் சரி. இனிமே என்னால பிடிக்க முடியாது" என்றார். ஹார்பரில் முப்பது வருஷம் மூட்டை தூக்கிய கைகளை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தார்.

நான் அவரிடம், செவ்வாய்க்கிழமை நான் உள்ளே போகிறேன் மாமா, நீங்கள் வர வேண்டாம் என்று சொன்னேன். அவர் ஆறிப்போன காப்பியை எடுத்துக் குடித்தார்.

போகத்தான் போகிறேன். கன்னையா அண்ணனிடம் சொல்லிவிட்டேன். எனக்குத் தைரியம் வந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். மறுபடி மயங்குவேனோ என்னவோ. வெள்ளைப் பூ அவருக்கு வந்ததா எனக்கு வந்ததா என்று இதை எழுதும்போதும் தெரியவில்லை. தெரியாமலேதான் போகிறேன். அம்மன் கோபித்தால் என்னைக் கோபிக்கட்டும், பிள்ளையை விட்டுவிடட்டும்.

இந்தக் கடிதம் ரோட்டர்டாம் துறைமுகத்தில் உங்கள் கைக்குக் கிடைப்பதற்குள் செவ்வாய்க்கிழமை போயிருக்கும். அதனால் போகட்டுமா வேண்டாமா என்று உங்களைக் கேட்கவில்லை. கேட்பது ஒன்றுதான். மாமாவுக்குத் தனியாக நாலு வரி எழுதுங்கள். அதில் ஊசியைப் பற்றியும் வேண்டாம், பூவைப் பற்றியும் வேண்டாம். நீங்கள் நிற்க வேண்டிய இடத்தில் இத்தனை நாள் அவர் நின்றார் என்பது உங்களுக்குத் தெரியும் என்று மட்டும் எழுதுங்கள்.

அம்மன் உங்களைப் பத்திரமாகக் கரை சேர்க்க வேண்டும். கொஞ்சம் சீக்கிரமாகச் சேர்க்க வேண்டும்.

தங்கள் வரவுக்குக் காத்திருக்கும்,
சீதாலெட்சுமி