நான் நேர்ந்துகொண்ட அவள் முடி

ஐப்பசி 14, வெள்ளி இரவு.

பள்ளியில் காலைப் பிரேயரில் எங்கள் மகள் செல்வியை மேடையில் ஏற்றிக் கைதட்டினார்களாம். எண்ணூறு மீட்டர் ஓட்டத்தில் மாவட்டத்தில் முதலிடம். நாளை விடியற்காலை ஐந்து மணிக்குப் பள்ளி வேனில் மாநிலப் போட்டிக்கு மதுரை போகிறாள்.

மாவட்டப் போட்டியில் அவள் ஜெயித்தால் அவள் முடியை இறக்குவதாக நான்தான் அம்மனிடம் வேண்டினேன். ஒரு ரூபாயை மஞ்சள்துணியில் முடிந்து சாமி படத்தடியில் வைத்திருந்தேன். அவளைக் கேட்கவில்லை. இன்று சாயங்காலம்தான் சொன்னேன்.

"ஓடுனது நானு, வேண்டுனது நீ. உன் முடியக் குடு" என்று சிரித்தாள். "பத்தாவது படிக்கிறவ மொட்டையோட போனா பசங்க வுடுவாங்களா?"

"சாமி விசயத்துல வெளையாடாத புள்ள. வேன் தொப்பூர் கணவாய்ல எறங்கோணும்" என்றேன். சொன்ன வாயிலேயே அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. அந்த இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் வரும் லாரிகளைப் பற்றி அவளுக்குத் தெரியாதா என்ன.

"வந்து பாத்துக்கலாம், புள்ளய பயமுறுத்தாத" என்றார் அவள் அப்பா.

அவள் சிரிப்பு நின்றது. ஷூவையும் துண்டையும் எடுத்து வைத்தாள். நான் அம்மன் முன் நின்று, வாக்குக் கொடுத்தவள் நான், கோபமிருந்தால் என்மேல் காட்டு என்று கும்பிட்டேன்.

படுக்கும் முன் மெதுவாக வந்து, "அந்த மஞ்சத்துணிய என் பேக்லயே வெச்சிடும்மா" என்றாள்.

வைத்துவிட்டேன். அவள் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தால் எனக்குத் தூக்கம் வந்திருக்கும். நாலு மணிக்கு அலாரம் வைத்திருக்கிறேன். பக்கத்தில் அவளும் புரண்டு புரண்டு படுக்கிறாள்.