ஏரித் தண்ணீர் ஆட்டம்

சின்ன காஞ்சிபுரம்
18.7.2024

அன்புள்ள நதியாவுக்கு,

போனில் சொன்னால் கட்டைவிரல் படம் ஒன்றை அனுப்பிவிட்டுத் தப்பித்துவிடுவாய். அதனால் கடிதம். பொறுமையாகப் படி.

உன் ஊர் தாமலுக்குப் பக்கத்துப் பள்ளியில் எனக்கு ஐந்தாம் வகுப்பைக் கொடுத்திருக்கிறார்கள். பின்னக் கணக்கு என்றாலே பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வருகிறது. அதற்காக ஒரு விளையாட்டு செய்தேன். குழுவுக்கு நாலு பேர். நடுவில் இருக்கும் கிண்ணம்தான் ஏரி, அதில் இருபத்துநாலு நீல மணிகள். குலுக்கிச் சீட்டு எடுக்க வேண்டும். ஒருவருக்குத் தண்ணீரில் பாதி, ஒருவருக்கு மூன்றில் ஒன்று, ஒருவருக்கு ஆறில் ஒன்று. பங்கைச் சரியாக எண்ணி எடுத்தால் பயிர் பிழைக்கும். நாலாவது சீட்டு கூலியாள். நிலமில்லை, தண்ணீரில்லை, சும்மா இருக்க வேண்டும். ஊர் நடப்பு அப்படியே வரட்டும் என்று நானே யோசித்துச் சேர்த்தது. பெருமை தாங்கவில்லையடி.

சங்கரி என்ற பெண்தான் குறை. கூலியாள் சீட்டு அவளுக்கு வந்தது, பிள்ளைகள் சிரித்தார்கள், எழுந்து போய்விட்டாள். அன்றிலிருந்து கணக்கு வகுப்பில் வாயே திறப்பதில்லை. குலுக்கல் சீட்டுக்கு இவ்வளவு ரோஷமா?

உன்,
அம்ருதா


ஓசூர்
27.7.2024

அம்ருதா,

பயிற்சிப் பள்ளி விடுதியில் இரண்டு வருஷம் ஒரே அறையில் இருந்தும் உன்னிடம் சொல்லாததை இப்போது சொல்கிறேன். என் அப்பா வீராசாமி எங்கள் ஏரியின் நீர்க்கட்டி. மடை திறந்து வயலுக்கு வயல் தண்ணீர் பங்கிடுபவர். சொந்தமாக ஒரு சென்ட் நிலம் கிடையாது. முப்பது வருஷம் ஊருக்கே பங்கு பிரித்தார், ஒரு வயலும் காய்ந்ததில்லை. உன் ஆட்டத்தில் நிலமில்லாதவருக்கு வேலையே இல்லை என்கிறாய்.

பிள்ளைகள் ஏன் சிரித்தார்கள் என்று கேட்டாயா? சங்கரி எந்தத் தெருவிலிருந்து வருகிறாள் என்று அவர்களுக்குத் தெரியும், உனக்குத்தான் தெரியவில்லை. எனக்குக் கோபம்தான். மறைக்கவில்லை.

நதியா


சின்ன காஞ்சிபுரம்
6.9.2024

அன்புள்ள நதியா,

ஒரு மாதத்துக்கு மேல் பதில் போடாததற்குக் கோபம்தான் காரணம். முதலில் உன் மேல், அப்புறம் என் மேல்.

சங்கரியிடம் வகுப்பில் எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்டேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு கூலியாள் சீட்டைக் கிழித்துவிட்டு நீர்க்கட்டி சீட்டு எழுதினேன். இனி கிண்ணத்தில் வேறு யாரும் கை வைக்கக் கூடாது. நீர்க்கட்டிதான் பிரிக்க வேண்டும். ஒரு வயல் காய்ந்தாலும் குழுவே தோற்றது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஏரி குறையும்.

முதல் நீர்க்கட்டியாகச் சங்கரியைக் கூப்பிட்டேன். வருவாளோ என்று பயந்துகொண்டே நின்றேன். வந்தாள். இருபத்துநாலை அவள் பிரித்த வேகத்துக்கு என்னால் ஈடுகொடுக்க முடியவில்லை. வெங்கடேசன் எழுந்து நின்று தனக்குக் குறைகிறது என்று சண்டைக்கு வந்தான். அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “உன்னுது மூணுல ஒண்ணு. எட்டு வந்துட்ச்சி. குந்து.”

இப்போது அந்தச் சீட்டுக்குத்தான் அடிதடி. ஆசிரியர் பயிற்சிக் கூட்டத்துக்கு இந்த ஆட்டத்தை எடுத்து வரச் சொல்லியிருக்கிறார்கள். அட்டையில் உன் அப்பா பெயரைப் போடலாமா? அவரைக் கேட்டு எழுது.

அம்ருதா


ஓசூர்
15.9.2024

அன்புள்ள அம்ருதா,

அப்பா இப்போது என்னோடுதான் இருக்கிறார், கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டினேன். “அந்தப் பொண்ணு சொன்னத இன்னொரு தபா படிமா” என்றார். மூன்று தபா படித்தேன். பெயர் போடக் கேட்டதற்கு, போட்டுக்கச் சொல்லு என்றார். எழுந்து போய்ச் சட்டை மாற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். எங்கே போகிறார் என்று கேட்டேன், எங்கும் இல்லையாம். எனக்கு அழுகை வந்துவிட்டது. உன்னை நினைத்தும் பெருமையாக இருக்கிறதடி.

அப்பாவுக்கு ஒரே ஒரு சந்தேகம், காலையிலிருந்து கேட்டுக்கினே இருக்கிறார். மடையில் நின்று எத்தனையோ பேரிடம் அப்படிச் சொன்னாராம், ஒருத்தரும் கேட்டதில்லையாம். அந்தப் பையன் குந்தினானா?

உன்,
நதியா


22.9.2024

மதிப்பிற்குரிய வீராசாமி தாத்தாவுக்கு வணக்கம். டீச்சர் என்னையே எழுதச் சொன்னார்கள்.

வெங்கடேசன் உட்கார்ந்துவிட்டான்.

இப்படிக்கு,
சங்கரி
நீர்க்கட்டி, ஐந்தாம் வகுப்பு