பெயரில்லாத கட்டம்

5.4.88, செவ்வாய்
அரியலூர் வரைபட ஆபீசில் இன்று முதல் கம்ப்யூட்டர் என் பொறுப்பு. நடராசன் சார் மாரடைப்பில் போய் ஒரு மாசம். அவர் உட்கார்ந்த அதே நாற்காலி. அவர் எழுதிவைத்த கட்டளை இருக்கிறது. 'குழி' என்று அடித்தால் போதும், சுண்ணாம்புக்கல் ஆலைக்கான குழியைச் சுவர், ஏணி, மூடியோடு வரைந்துவிடுகிறது. நான் கோடு கோடாகப் போட்டால் இரண்டு நாள்.

இப்போது வரைகிற புதுக் குழியைக் கட்டி முடித்ததும் அதற்குள்தான் என் தம்பி சாமிதுரைக்கு வேலை. "அக்கா போடற குழி, எனக்கென்ன பயம்" என்கிறான்.

7.4.88
குழிக்கு வெளியே, மேற்குச் சுவரை ஒட்டி ஒரு சின்னக் கட்டம். இரண்டரை அடிக்கு இரண்டரை. பெயர் இல்லை. அழித்தேன். மறுபடி 'குழி' அடித்தேன். அதே இடத்தில் வந்து நிற்கிறது.

8.4.88
நாலு தடவை அழித்தாச்சு. எல்லாரும் சாப்பிடப் போன நேரம். மற்றதெல்லாம் முடிந்த பிறகு கட்டம் மட்டும் கடைசியாக, ஒவ்வொரு கோடாக — யாரோ யோசித்து யோசித்துப் போடுகிற மாதிரி. சமாதிக்கு இடம் குறித்தது போல... ச்சே, என்ன நினைப்பு இது! பெரம்பலூர் பஸ்ஸில் உட்கார்ந்தும் அதே கட்டம்தான் கண்ணில்.

11.4.88
கட்டளையைத் திறந்து பார்த்தேன். இருநூற்றுச் சொச்சம் வரி. எல்லாம் இங்கிருந்து அங்கே கோடு, அங்கிருந்து இங்கே கோடு. எது சுவர், எது ஏணி என்று ஒரு வார்த்தை கிடையாது. எதற்கு என்று கோடு சொல்லுமா?

முதலாளி நஜீமுதீன் பாய், "அது என்னன்னு ஆலையில கேட்டா என்னம்மா சொல்றது? எடுத்துடுங்க" என்றார். கட்டத்தைப் போடுகிற நாலு வரியையும் தேடி எடுத்துவிட்டேன். கட்டம் வரவில்லை. அப்பாடா.

19.9.88
சாமிதுரை.

21.9.88
புதுக் குழியில் கல்மாவு சரிந்து ஏணி வாயை அடைத்துவிட்டதாம். அரைமணி நேரம் உள்ளேயிருந்து சுவரைத் தட்டியிருக்கிறான். தட்டிக்கிட்டே இருந்திருக்கான் எந்தம்பி. அப்புறம் நின்னுபோச்சாம்.

5.10.88
பதினாறு முடிந்தது. அவனோடு வேலை பார்த்த தங்கராசு வந்தார். "பழைய குழியில மேக்கால ஒட்டி, கெணறாட்டம் ஒரு வழி இருந்துச்சுங்க. அங்க சரிஞ்சப்ப அஞ்சு பேரு அதுலதான் ஏறி வந்தோம். இதுல ஏங்க வைக்கல?"

அந்தப் பழைய குழியின் வரைபடம் நடராசன் சார் போட்டது. காபி போட எழுந்து போனேன்.

17.10.88
கட்டளையைப் புதிதாக எழுதுகிறேன். சுவர், ஏணி, மூடி, தப்பும் வழி — ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயர்.

"ஏம்மா இவ்வளவு மெதுவா அடிக்கிறீங்க?" என்றார் பாய். ஒவ்வொரு பொத்தானையும் தட்டியதும் நிறுத்தி, பதிலுக்குத் தட்டுகிறானா என்று கேட்கிறேன். இதை அவரிடம் எப்படிச் சொல்ல?