அத்தான் மிச்சம் வைக்காமல் குடித்த சாறு

என்ரை அன்பு அக்காவுக்கு,

இந்த முறை திவசத்துக்கு உங்களுக்குப் படைத்தது தோடம்பழம் இல்லை. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு அப்போதே தெரிந்திருக்கும், எனக்குத்தான் கடைசியாகத் தெரியவந்தது. அன்றிலிருந்து கண்ணாடியில் என் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருக்கிறது.

நீங்கள் ஒட்டித் தந்த தோடங்கன்றைத்தான் சொல்கிறேன். இணுவிலில் உங்கள் கிணற்றடியில் நிற்கும் மரத்திலிருந்து ஒட்டுக்கண் எடுத்து, நாரத்தைக் கன்றில் வைத்துக் கட்டி, பக்கத்திலேயே இருக்கும் திருநெல்வேலிக்குக் கொண்டுவந்து எங்கள் வளவில் நீங்களே நட்டீர்கள். "உனக்கு வாய்தான் ராசி, கைராசி இல்லை. தண்ணியை மட்டும் ஊத்து, மிச்சத்தை நான் வந்து பாக்கிறன்" என்றீர்கள். பிறகு எங்கே வந்தீர்கள்? ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைந்தே உங்கள் காலம் முடிந்துவிட்டது. மருந்தெல்லாம் கசந்த அந்த நாட்களில் உங்கள் தொண்டையில் இறங்கியது அத்தான் பிழிந்து தந்த இனிப்புத் தோடஞ்சாறு மட்டும்தான்.

நீங்கள் போய்க் கொஞ்ச நாளில் அத்தான் சின்னக் கத்தியோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். கன்றடியில் குந்தினார். "கீழை இருந்து வாறதை வெட்டிவிடவேணும் பிள்ளை, இல்லாட்டி..." அவ்வளவுதான் சொல்ல விட்டேன். "அக்கா போய் இன்னும் ஈரம் காயேல்லை, அவவின்ரை மரத்திலை கத்தி வைக்க வந்திட்டியளோ?" என்று கத்தினேன். வேலிக்கு அந்தப் பக்கம் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த சத்தம் நின்றுபோனது. அத்தான் கத்தியை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு எழும்பிப் போனார். அதன் பிறகு திவசத்துக்குத் திவசம் உங்கள் வீட்டில் காண்பதோடு சரி.

மரம் வளர்ந்த வளர்த்தியைக் கேட்கிறீர்களா? கீழிருந்து முள்ளும் இலையுமாக விறுவிறுவென்று எழும்பியது. எனக்குத் தலைகால் தெரியவில்லை. "கைராசி இல்லையெண்டு சொன்னவ, இப்ப இருந்தால் காட்டலாம்" என்று வருகிறவர் போகிறவர் எல்லோரிடமும் சொன்னேன். மேலே மெலிந்த ஒரு கிளை நோஞ்சானாக நின்றது. அது இதற்கு இடைஞ்சல் என்று நானே வெட்டி அடுப்பில் வைத்தேன்.

இந்த வருசம்தான் முதல் காய்ப்பு. உங்கள் கிணற்றடி மரம் ஒரு பக்கம் பட்டுப்போய், இந்த முறை அதில் ஒரு காயும் இல்லை. பிறகென்ன, "அக்காவின்ரை படையலுக்கு என்ரை மரத்துப் பழம்தான்" என்று கூடையோடு போய் இறங்கினேன். என் மனிசன் வழியிலேயே, "தோல் தடிப்பாய்க் கிடக்கே?" என்றார். "கன்னிக்காய் அப்பிடித்தான், பேசாமல் வாங்கோ" என்று அவர் வாயை அடைத்தேன். படைக்கமுன் வாயில் வைக்கக்கூடாதே, அதனால் ஒரு சுளைகூட நான் தின்று பார்க்கவில்லை.

காகம் வந்தது. வடையைத் தூக்கியது, சோற்றைக் கொத்தியது, பழத்துண்டைக் காலால் தட்டிவிட்டுப் பறந்தது. "பாத்தியளே, அக்கா எங்களுக்கெண்டு விட்டிட்டுப் போறா" என்றேன் நான். வெட்கங்கெட்டவள்!

படையல் முடிந்ததும் சாறு பிழிந்து முதல் கிளாஸை அத்தானிடம் கொடுத்தேன். உங்கள் படத்தை ஒருமுறை பார்த்தார். ஒரே மூச்சில், அடி தெரியும்வரை குடித்தார். "நல்லாயிருக்கு பிள்ளை" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அடுத்தது என் மனிசன். ஒரு மிடறு வைத்தவர் முற்றத்துக்கு ஓடிப்போய்த் துப்பினார். "இஞ்சேரப்பா, இது நாரங்காயெல்லோ! ஊறுகாய்தான் போடலாம்." எல்லோரும் சிரித்தார்கள். நானும் குடித்துப் பார்த்தேன். ஐயோ அக்கா, அந்தக் கசப்பு! திரும்பிப் பார்த்தால், அத்தான் வெறும் கிளாஸைக் கழுவக் கிணற்றடிக்குப் போய்க்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்து மரத்தடியில் குனிந்து பார்த்த பிறகுதான் விளங்கியது. ஒட்டுக்குக் கீழே வந்ததெல்லாம் நாரத்தை. நான் வெட்டி எரித்த அந்த மெலிந்த கிளைதான் நீங்கள் ஒட்டின தோடை.

மரம் தெரியாமல் செய்த பிழைக்காக நான் இவ்வளவு குன்றவில்லை. அதை விளங்கப்படுத்த வந்த மனுசனை அந்தச் சொல்லுச் சொன்னேனே! எல்லோருக்கும் முன்னால், "அண்டைக்கே சொன்னனான்" என்று ஒரு வார்த்தை அவர் சொல்லியிருக்கலாம். நானாக இருந்தால் சொல்லாமல் விட்டிருப்பேனா? அவர் ஏன் குடித்தார் அக்கா? என் மானத்தைக் காப்பாற்றவா? உங்கள் பேரில் வைத்ததை மிச்சம் விடக்கூடாது என்றா?

"வேர் நல்லாய்த்தானே நிக்குது, திரும்பக் கண் வைச்சால் பிடிக்கும்" என்கிறார் என் மனிசன். பிடிக்கும். ஆனால் கண் இருப்பது இணுவிலில், பட்டுக்கொண்டு வரும் அந்த மரத்தில். அது முழுவதும் படுவதற்குள் நான் போய்க் கேட்காவிட்டால் உங்கள் தோடை இரண்டு வளவிலும் இல்லை.

வெள்ளிக்கிழமை போனேன். உங்கள் வாசல் படலையடியில் ஸ்கூட்டியை நிறுத்தினேன். உள்ளே அத்தான் அந்த மரத்துக்குத் தண்ணீர் வார்த்துக்கொண்டிருந்தார். முன்வீட்டு மனிசி எட்டிப் பார்த்து, "என்ன, கோயிலுக்கோ?" என்றார். "ஓம், கோயிலுக்குத்தான்" என்று சொல்லி, படலையில் கையும் வைக்காமல் கோயில் பக்கம் திருப்பினேன். உங்கள் வீட்டு வாசலில் நின்று பொய் சொன்னேன் அக்கா.

நாளைக்குக் காலமை திரும்பப் போகிறேன். முன்வீட்டு மனிசி கேட்டால், "அத்தானிட்டை மன்னிப்புக் கேக்க வந்தனான்" என்று அவவுக்கும் கேட்கச் சொல்வேன். கண்ணை அதற்குப் பிறகுதான் கேட்பேன். அவர் தந்தால், எங்கள் வீட்டுக்குக் கூட்டிவந்து கத்தியை அவர் கையில் கொடுப்பேன். நான் வளர்த்த முள்ளுக்கிளை எல்லாவற்றையும் அவர் வெட்டட்டும். பக்கத்தில் குந்தியிருந்து பிடித்துக்கொடுப்பேன், வாய் திறக்கமாட்டேன். இது உங்கள் மேல் சத்தியம்.

வாயால் கெட்டு, உங்கள் படலையில் வந்து நிற்கும்
உங்கடை தங்கச்சி