நிக்கல் பூசிய காளை

மாமா,

உங்கள் கருமாதி முடிந்து இன்று காலை உங்கள் வீட்டு அக்கா ஆள் விட்டிருந்தார். போனேன். நீங்கள் சந்தைக்குத் தோளில் போட்டுப் போன காவித் துண்டில் எதையோ சுற்றி என் கையில் வைத்தார். பிரிப்பதற்குள் விளக்கெண்ணெய் வாசம் ஏறிவிட்டது. அந்த வாசத்துக்கு மற்றவர்களுக்கு வயிறு கலங்கும். எனக்குத் தலை குனியும். உள்ளே இருப்பது, பெங்களூரிலிருந்து உங்களுக்காக நான் பொறுக்கி எடுத்து வந்து, நீங்கள் எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்த காற்றுக் கைத்துப்பாக்கிதான்.

உறவில் நீங்கள் எனக்கு மாமா இல்லை. பாப்பாரப்பட்டிச் சந்தையில் மாட்டுத் தரகர். நான் உங்களைச் சுற்றி வம்பு கேட்டுத் திரிந்தவன். இரண்டு பேர் கையையும் துண்டால் மூடி, உள்ளே விரலைப் பிடித்து விலை பேசுவீர்கள். "ஏனுங்க மாமா, ஆண்டவன் வாய் குடுக்கலீங்களா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"வாயால சொன்னா சந்தைக்கே தெரிஞ்சிரும் மாப்ள. வித்தவன் மாடு மட்டமான வெலைக்குப் போயிருக்கும், வாங்கினவன் ஏமாந்திருப்பான். ரெண்டு பேரும் தலநிமுந்து வூடு போவணுமில்ல? அதுக்குத்தான் துண்டு."

பிறகு அந்தக் காய்ச்சல் வந்தது. உயிர் தப்பியது, வலக்கையில் பலம் போய்விட்டது. துண்டுக்குள் நீங்கள் அழுத்துவது ஒரு விலை, எதிராளிக்குப் புரிவது வேறு விலை. ஒரு ஜோடி மாட்டு வியாபாரம் அடிதடி வரைக்கும் போனபின் உங்கள் துண்டுக்குள் கைவிட யாரும் வரவில்லை. ரப்பர் பந்தை அமுக்கச் சொன்னார் டாக்டர். "பந்தை அமுக்கிட்டு ஒக்கார நான் என்ன தொட்டில் கொழந்தையா?" என்றீர்கள். பயணியர் பங்களாவின் பின்புறம் ஒரு துரை தகர டப்பாவைக் குறிபார்த்துச் சுட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்திருந்தீர்கள். அவர் விரல் விசையை இழுத்த விதம் உங்களுக்குப் பிடித்துவிட்டது. "அப்படி ஒண்ணு வாங்கியா மாப்ள. நீதான் இங்கிலீசு படிச்சவன்."

என் இங்கிலீஷைப் பற்றி ஊருக்கெல்லாம் அளந்து வைத்திருந்தது நான்தான். ஆகவே இரவல் கோட்டு ஒன்றை மாட்டிக்கொண்டு பெங்களூரில் வெள்ளைக்காரப் பட்டாளம் இருக்கிற தண்டுக்குப் போனேன்.

துப்பாக்கிக் கடைக்காரர் இரண்டை எடுத்து வைத்தார். ஒன்று கறுப்பு, சின்னது, தகர பொம்மை மாதிரி. குழலைச் சுவரில் ஊன்றி உடம்பால் ஒரு தள்ளு தள்ளினால் உள்ளே வில் மாட்டிக்கொள்ளும். அப்புறம் ரவையைப் போட்டுச் சுட வேண்டியதுதான். மற்றது முழுக்க நிக்கல். கல்யாணச் செம்பு மாதிரி மின்னியது. அதற்குக் கைப்பலத்தாலேயே குழலைப் பிடித்து மேலே தூக்கி முன்னால் மடக்க வேண்டும். "வூட்டுக்குப் பின்னால பொழுதுபோக்காச் சுடறதுக்குக் கறுப்பே போதும்" என்றவர், "யார் கைக்குங்க?" என்று கேட்டார்.

கேட்க வேண்டிய ஒரே கேள்வி அதுதான். நானோ, எங்கள் ஊர்க்காரரை இவன் சோப்பளாங்கி என்று நினைத்துவிட்டானே என்று கோபப்பட்டேன். நிறத்தையும் கொம்பையும் பார்த்து மாடு பிடிக்கிற மடையன் மாதிரி நிக்கலைத் தொட்டு, "இதுவே இருக்கட்டும்" என்றேன். 'நெறத்தப் பாக்காத, ஏர்ல பூட்டிப் பாரு' என்று நீங்கள் எத்தனை பேருக்குச் சொல்லிக் கேட்டிருக்கிறேன்! பூட்டிப் பார்க்கவில்லை. பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரச் சீமாட்டி நின்றுகொண்டிருந்தாள். குழலை இழுக்கும்போது இரவல் கோட்டின் அக்குள் கிழிந்தால் என் மானம் என்னாவது?

உங்கள் புறக்கடையில் முருங்கை மரத்தில் பிஸ்கட் டப்பா மூடியைக் கட்டி, பின்னால் மணல் மூட்டைகளை அடுக்கியிருந்தீர்கள். துப்பாக்கியை வாங்கிக் குழலைத் தூக்கினீர்கள். அசையவில்லை. இன்னொரு தடவை. நெற்றி வேர்த்தது. வாசற்படியில் நின்ற அக்கா ஓசைப்படாமல் உள்ளே போய்விட்டார். கோட்டையும் கழற்றாமல் நின்றுகொண்டிருந்தேன்.

"நல்ல சாமான் மாப்ள" என்றீர்கள். "காளைக்கு நிக்கல் பூசி ஓட்டியாந்திருக்க."

மாற்றி வருகிறேன் என்றேன். "வாங்கின மாட்டத் திருப்பி ஓட்டறது தரகனுக்கு அழகில்ல. நீ இழுத்துக் குடு, நான் சுடறேன்."

அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் நான் அதை முழங்காலுக்கிடையில் இடுக்கிக்கொண்டு, பல்லைக் கடித்து இழுத்துக் கொடுப்பேன். நீங்கள் இரண்டு விரலால் விசையை அழுத்துவீர்கள். ஊரில் நாம் சர்க்காரைக் கவிழ்க்கச் சதி செய்வதாகப் பேச்சு. மணியக்காரர் விசாரிக்கவே வந்துவிட்டார். நான் இழுக்கிற கோலத்தைப் பார்த்து, "இந்தக் கட்சியால ராசாவுக்கு ஆபத்தில்லீங்க" என்று மோர் குடித்துவிட்டுப் போனார். யுத்தத்தில் ரவை வரத்து நின்றது. நனைத்த காகிதத்தை உருட்டிப் போட்டுச் சுட்டோம். இரண்டு விரல் ஒரு விரலாயிற்று. மூடி அடிக்கடி சத்தம் கொடுத்தது.

நீங்கள் மறுபடி சந்தையில் துண்டு போட்ட நாளில் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். நல்லம்பள்ளிக்காரர் ஒருவர் தயங்கித் தயங்கி உள்ளே கைவிட்டார். கொஞ்ச நேரத்தில் தலையாட்டினார். விலை புரிந்துவிட்டது! கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றவனைப் பார்த்து, "மாடு முட்டிருச்சுங்களா?" என்று கேட்டான் ஒரு புண்ணியவான்.

ஆனாலும் குழலை இழுப்பது மட்டும் என் வேலையாகவே இருந்தது. "இது மட்டும் வரமாட்டேங்குது மாப்ள" என்று நீட்டுவீர்கள். ஒவ்வொரு இழுப்பிலும் கடைக்காரர் கேட்பார்: யார் கைக்குங்க?

இன்று துண்டைப் பிரித்துப் பார்த்தால், குழலின் நுனியில் ஓரிடத்தில் நிக்கல் தேய்ந்து உள்ளே இருக்கிற இரும்பு தெரிகிறது. நான் பிடிக்கிற இடம் அதுவல்ல. அக்காவைப் பார்த்தேன்.

"அவரே இழுப்பாருங்க தம்பி. சந்தைக்குப் போக ஆரம்பிச்சப்பவே கை வந்திருச்சு. விடிஞ்சா புறக்கடையில அதே வேலதான். ஞாயித்துக்கெழம நீங்க வந்தா மட்டும் தொட மாட்டாரு."

"ஏனுங்கக்கா?"

"நானும் கேட்டேனுங்க. 'தப்பா வாங்கிட்டோம்னு அவன் மொகம் சுண்டிக் கெடக்குது புள்ள. இழுத்துக் குடுக்கறப்பத்தான் கொஞ்சம் நிமுர்றான்'ன்னாரு."

நான் உங்களுக்கு வைத்தியம் பார்ப்பதாக ஊர் முழுக்கப் பீற்றிக்கொண்டவன், மாமா. நீங்களும் கேட்டுத் தலையாட்டினீர்கள்.

வீட்டுக்குக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்திருக்கிறேன். யாரைப் பற்றியும் எதையும் சந்தைக்கே கேட்கும்படி சொல்லிச் சிரிக்கிற வாய் இது. இதை எப்படிச் சொல்வதென்று அதற்குத் தெரியவில்லை. உங்கள் துண்டை அதன்மேல் மூடி, உள்ளே கையை விட்டு, நிக்கல் தேய்ந்த இடத்தைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.