என் கட்டிலுக்குக் கீழே தொங்கும் குண்டு

நவம்பர் 3, 1992
இது யார் கையில் கிடைத்தாலும் தயவுசெய்து மூடி வைத்துவிடுங்கள். யாருக்கும் காட்டாதீர்கள். முக்கியமாக என் அண்ணன் ஸ்டைனாருக்கு.

அவனும் அவன் இசைக்குழுக் கூட்டாளி வேகார்டும் இன்று பீரங்கிக் குண்டு ஒன்றைச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்தார்கள். இரண்டாம் உலகப் போரின்போது ஜெர்மன்காரர்கள் கடலோரப் பதுங்கு அறையில் விட்டுப்போனது. என் இடுப்பளவு உயரம். நிலவறையில் சங்கிலியில் தொங்கவிட்டிருக்கிறார்கள், என் கட்டிலுக்கு நேர் கீழே.

"இடி தேவன் தோரோட சத்தம்டி இது. எந்த டிரம்மும் இப்படி அழாது" என்றான் ஸ்டைனார்.

நவம்பர் 5
டங். பிறகு நெடுநேரம் ரீங்காரம். அதன்மேல் ஒலிநாடாவில் பின்னோக்கி ஓடும் பழைய ஜெர்மன் வானொலிக் குரல், தோரின் தந்தையான ஓடின் தேவனை அழைக்கும் வேகார்டின் முனகல். அந்த ஜெர்மன் படைக்காரர்கள் ரூன் என்னும் பழங்கால எழுத்துகளில் மந்திரசக்தி தேடினார்களாம். இவர்களும் குண்டின்மேல் சிவப்பில் ரூன் வரைந்திருக்கிறார்கள். முதலில் நான் பயந்தது அதற்குத்தான்.

நவம்பர் 6
அவர்கள் இல்லாதபோது இறங்கிப் பார்த்தேன். குண்டின் மூக்கில், அதை வெடிக்கவைக்கும் பித்தளை மூடி அப்படியே இருக்கிறது. பள்ளியில் ஒட்டியிருக்கும் எச்சரிக்கைப் படத்தில் இதே மூடி. தொடாதே, ஓடு.

சாப்பிடும்போது கேட்டேன். "உள்ள காலியா?"

"அம்பது வருஷமா கடல் தண்ணி குடிச்சிருக்கு. செத்துப்போச்சு."

"யாரு சொன்னா?"

"ஓடின் சொன்னான்" என்றான் வேகார்ட். இருவரும் வாயில் ரொட்டியோடு சிரித்தார்கள். பிறகு ஸ்டைனார் என் மணிக்கட்டைப் பிடித்தான். "யார்கிட்டயாவது வாயத் தொறந்தே, ஜென்மத்துக்கும் உங்கூடப் பேசமாட்டேன்."

நவம்பர் 11
சனிக்கிழமை நிலவறையில் கச்சேரி. பெர்கன் நகரத்திலிருந்து நாற்பது பேர் வருகிறார்கள். பாட்டில் உலகம் அழியும் கடைசிக் கட்டத்தில் ஸ்டைனார் சம்மட்டியால் அந்த மூக்கிலேயே அடிக்கப்போகிறான். சொன்னால் அண்ணன் போய்விடுவான். சொல்லாவிட்டால்? ஐயோ, சொல்லாவிட்டாலும் போயிடுவானே.

நவம்பர் 12
பள்ளித் தொலைபேசியில் காவல் அதிகாரியைக் கூப்பிட்டேன். குண்டைப் பற்றிச் சொன்னேன், என் பெயர் சொல்லவில்லை. "நீ ஸ்டைனார் தங்கச்சிதானேம்மா?" வைத்துவிட்டேன்.

நவம்பர் 13
தெருவையே காலி செய்தார்கள். ராணுவத்தார் நான்கு பேர், தூங்கும் குழந்தையைத் தூக்குவதுபோல் அதைத் தூக்கிப்போனார்கள்.

"காலிதானே அது?" ஸ்டைனார் கேட்டான்.

"உசுரோடதான் இருக்கு தம்பி. எத்தன தடவ அடிச்சே?" என்றார் அவர்களில் ஒருவர்.

மதியம் ஃபியோர்டு என்னும் எங்கள் கடற்கழியின் நடுவே வெடிக்கவைத்தார்கள். கடல் எழுந்து நின்றது. வேகார்ட் மட்டும் கத்தினான், "எவ காட்டிக்கொடுத்தா?" ஸ்டைனார் தன் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

இப்போது மணி பத்து. படியில் காலடி. அவன்தான். நான்தான் என்று வேகார்ட் சொல்லியிருப்பானா? கதவைத் தட்டுகிறான் — விரல் நுனியால். இவ்வளவு மெதுவாக அவன் எதையும் தட்டி நான் கேட்டதே இல்லை.